இருபது இடத்தில் ஒரு விழுக்காடு எவ்வளவு? – உயிர்த்தொழில்நுட்ப முதுநிலைச் சேர்க்கையும் சமூகநீதியும்

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு விசித்திரமான முடிவோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றது. எம்.டெக். பயோடெக்னாலஜி, எம்.டெக். கம்ப்யூட்டேஷனல் பயாலஜி ஆகிய இரண்டு படிப்புகளுக்கும் அந்த ஆண்டு மாணவர் சேர்க்கையே கிடையாது என்பதுதான் அந்த முடிவு. ஆசிரியர் இல்லை என்பதோ ஆய்வகம் இல்லை என்பதோ காரணம் அல்ல. விண்ணப்பிக்க ஆளில்லை என்பதும் அல்ல. எத்தனை விழுக்காடு இட ஒதுக்கீடு என்பதில் இரண்டு அரசுகளுக்கு இடையே சிக்கல். அதைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் படிப்பையே நிறுத்திவிட்டால் தலைவலி போய்விடும் என்று பல்கலைக்கழகம் நினைத்தது.

அந்தப் படிப்புகளுக்கு நிதி கொடுத்தது ஒன்றிய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை. அது 49.5 விழுக்காட்டுக் கணக்கைப் பின்பற்றச் சொன்னது. மாநில அரசு தன் சட்டப்படி 69 விழுக்காடு என்றது. நுழைவுத் தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருந்த மாணவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த ஓராண்டுக்கு மட்டும் 49.5 விழுக்காட்டின்படி சேர்க்கை நடத்துங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மாணவர்களின் ஆண்டு வீணாகவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் எழுந்த கேள்வி அப்படியே நின்றது. மாநிலச் சட்டத்தால் உருவான, மாநில அரசின் கட்டடத்தில் இயங்குகிற, மாநில அரசு சம்பளம் கொடுக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் யார் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையை ஒன்றியத் துறை எதை வைத்து எழுதியது?

உதவித்தொகையை வைத்து. இந்தத் திட்டத்தில் சேரும் எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு 1,44,000. இரண்டு படிப்புக்கும் சேர்த்து ஐம்பது இடம்கூட இல்லை. தாராளமாக ஐம்பது என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 72 லட்சம் ரூபாய். ஆய்வகச் செலவுக்குத் துறை தருவது இதற்கு மேல் ஒரு தொகை. அதையும் சேர்த்துப் பார்த்தாலும், தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இது அடிக்குறிப்பாகக்கூட வராது. இந்தத் தொகையைக் காட்டித்தான், 1994இல் அரசமைப்புச் சட்டத்தின் 76ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் பாதுகாப்புப் பெற்ற ஒரு சட்டத்தை ஓரமாக உட்கார வைத்தார்கள். பணத்தை நாங்கள் தருகிறோம், உங்கள் சட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்று மாநில அரசு ஒரே நாளில் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. ஒன்றிய அரசைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இதை ஏன் கிளற வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் உள்ளிட்ட இளநிலைத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2021இல் வந்தது. அதில் நுழைந்த பொறியியல் மாணவர்களின் முதல் அணி 2025இல் பட்டம் வாங்கிவிட்டது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியதால் படித்து முடித்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் முதல் பொறியாளர், தெருவிலேயே முதல் பொறியாளர் என்ற நிலையில் இருப்பவர்கள். இவர்களில் உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்கள் இப்போது முதுநிலைப் படிப்பின் வாசலில் நிற்கிறார்கள். அந்தச் சட்டத்தின் எல்லை இளநிலையோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் இதுவரை உட்கார்ந்து படிக்கவே இல்லை.

இந்தத் துறையில் அடுத்த வாசல் ரொம்பவே முக்கியமானது. மென்பொருள் படித்தவருக்கு இளநிலைப் பட்டமே வேலைக்குப் போதும். உயிர்த்தொழில்நுட்பத்தில் அப்படி இல்லை. தடுப்பூசி நிறுவனமோ, மரபணுப் பரிசோதனைக் கூடமோ, அரசு ஆய்வகமோ, ஆய்வுப் பொறுப்புள்ள எந்த வேலையும் முதுநிலையிலிருந்துதான் தொடங்குகிறது. இளநிலையோடு நின்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி வேலை, அல்லது மருத்துவமனைகளின் ஆவணங்களைக் கணினியில் குறியீடாக மாற்றும் வேலை. நான்கு ஆண்டு மரபணுவியல் படித்துவிட்டு இரவுப் பணியில் காப்பீட்டுக் குறியீடு தட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். எனவே முதுநிலைச் சேர்க்கை விதி என்பது பட்டத்துக்கு மேல் ஒரு பட்டம் வாங்கும் ஆசை சம்பந்தப்பட்டது அல்ல. படித்த படிப்பு சோறு போடுமா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

சரி, விதிகளைப் படிப்போம். ஒன்றிய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் நிதி பெறும் முதுநிலைப் படிப்புகளில் சேர காட்-பி என்ற தேர்வை எழுத வேண்டும். 2020 முதல் நடக்கும் தேர்வு இது. அதற்கு முன் ஜேஎன்யூ பெயரில் ஒரு பொது நுழைவுத் தேர்வு இருந்தது. மூன்று மணி நேரம், மொத்தம் 240 மதிப்பெண். முதல் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என 60 கேள்விகள், அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் பட்டப்படிப்புத் தரத்தில் 100 கேள்விகள், அதில் 60க்கு விடையளித்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் எந்தச் சாதிக்கும் எதிராக இதில் ஒரு சொல்கூட இல்லை. இப்போது நம் ஊர்ப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மேல்நிலையில் தாவரவியல், விலங்கியல் எடுத்துப் படிக்கும் தூய அறிவியல் பிரிவில் கணிதமே கிடையாது. உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளை, பத்தாம் வகுப்பில் கணக்கில் சற்றுத் தடுமாறிய பிள்ளை, கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் படித்த பிள்ளை, எல்லோரும் வந்து சேர்கிற பிரிவு அது. அங்கிருந்து அரசுக் கலைக் கல்லூரிக்குப் போய் விலங்கியலோ தாவரவியலோ தமிழ்வழியில் படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறுகிறார் ஒரு மாணவி. செல்லின் உள்ளே புரதம் எப்படி உருவாகிறது என்று அவருக்குத் தெரியும். அதைத் தமிழில் தெளிவாக விளக்கவும் தெரியும். ஆனால் காட்-பி அறையில் அவர் முன் வைக்கப்படுவது ஐந்து ஆண்டுக்கு முன் அவர் பள்ளியில் கற்றுத்தராத கணிதமும், அவர் கல்லூரி பயன்படுத்தாத மொழியும். தவறாக எழுதினால் இருக்கும் மதிப்பெண்ணும் போகும் என்ற பயம் வேறு.

இதைத்தான் தகுதி என்கிறார்கள். நகரத்து சிபிஎஸ்இ பள்ளியில் கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்து, தனிப்பயிற்சி மையத்துக்குக் காசு கட்டிய ஒருவருக்கு முதல் பகுதி வெறும் நினைவூட்டல். இருவருக்கும் இடையில் இருப்பது உயிரியல் அறிவின் வேறுபாடு அல்ல, பதினைந்து வயதில் கிடைத்த வாய்ப்பின் வேறுபாடு. தேர்வு அதைத்தான் அளக்கிறது, அளந்துவிட்டு அதற்கு அறிவியல் மனப்பாங்கு என்று பெயர் வைக்கிறது.

தேர்வே வேண்டாமா, ஆய்வகத்துக்குள் யாரை வேண்டுமானாலும் விட்டுவிடலாமா என்று உடனே ஒரு குரல் வரும். தமிழ்நாட்டுக்கு இது பழகிய குரல். பொறியியல் நுழைவுத் தேர்வை நீக்கலாம் என்று முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்தபோதும், 2007இல் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் தரம் செத்துவிடும் என்று எழுதித் தள்ளினார்கள். அதன் பிறகு படித்து வந்தவர்கள்தான் இன்று உலகம் முழுக்க வேலை செய்கிறார்கள். அமெரிக்காவிலும் ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வை உயிரியல் ஆய்வுத் துறைகள் பல தாங்களாகவே கைவிட்டன. அந்த மதிப்பெண்ணுக்கும் ஒருவர் ஆய்வகத்தில் எப்படி வேலை செய்கிறார் என்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்று அங்குள்ள பேராசிரியர்களே கண்டார்கள். இங்கே அந்தக் கேள்வியை எழுப்பினாலே இட ஒதுக்கீட்டுக்காரர்கள் தரத்தைக் கெடுக்கிறார்கள் என்பார்கள்.

தேர்வில் தேறிய பிறகாவது பாதை நேராகிறதா? அதுவும் இல்லை. காட்-பி மதிப்பெண் வந்தவுடன் இடம் கிடைத்துவிடாது. மாணவர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ஒரு நிறுவனத்தில் முன்பணம் கட்டிச் சேர்ந்த பின் இன்னொன்றில் இடம் வந்தால் முதல் பணம் என்னவாகும் என்ற பதற்றம் தனி. பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையை 1997இல் கொண்டுவந்த மாநிலம் இது. அப்பாவும் பிள்ளையுமாகச் சென்னைக்கு வந்து, ஒரே அறையில் தரவரிசை பார்த்து இடம் எடுத்துக்கொண்டு அன்றிரவே பேருந்தில் ஊர் திரும்பிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஒன்றிய அரசின் ஒரு துறை, நாடு முழுக்க ஒரே தேர்வை நடத்தத் தெரிந்த துறை, ஒரே கலந்தாய்வை நடத்த மட்டும் முன்வரவில்லை. தேர்வு என்ற சல்லடையை மையப்படுத்தினார்கள், மாணவருக்கு வசதியானதை மட்டும் சிதறவிட்டார்கள்.

இனி நாம் பேச வேண்டியது நம் பக்கத்துக் கணக்கு. 69 என்ற எண்ணைக் கேட்டால் நமக்குக் கைதட்டல் தானாக வரும். வரட்டும், அது போராடிப் பெற்ற எண். ஆனால் 2021இல் அண்ணா பல்கலைக்கழகச் சிக்கலின்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் எவ்வளவு பெறுகிறார்கள், யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் போட்டோம்?

இருபது இடமுள்ள ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். மாநிலக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட இசுலாமியர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் எல்லாம் சேர்த்து 50 விழுக்காடு, அதாவது 10 இடம். ஒன்றியக் கணக்கில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, 5 இடத்துக்குச் சற்று மேல். பட்டியலினத்தவருக்கு மாநிலத்தில் அருந்ததியர் உள் ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு, 3.6 இடம். ஒன்றியத்தில் 15 விழுக்காடு, சரியாக 3. பொதுப் பிரிவு மாநிலத்தில் 6, ஒன்றியத்தில் 10. ஆக, 49.5க்கு மாறியதில் லாபம் யாருக்கு என்பது வெளிப்படை. இட ஒதுக்கீட்டுப் பிள்ளைகளிடமிருந்து நான்கு இடம் பொதுப் பிரிவுக்கு நகர்ந்தது. இதுவரை நாம் வழக்கமாகப் பேசுவதுதான்.

பழங்குடியினரின் வரிசையையும் பார்த்துவிடுங்கள். ஒன்றியக் கணக்கில் 7.5 விழுக்காடு, இருபதில் 1.5 இடம். மாநிலக் கணக்கில் 1 விழுக்காடு. இருபதில் 0.2 இடம்.

0.2 இடத்தில் யார் உட்காருவது? சுழற்சி முறையை ஆண்டுக்கு ஆண்டு விடாமல் தொடர்ந்து எண்ணினால், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பழங்குடி மாணவருக்கு இடம் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினால், எந்த ஆண்டிலும் வராது. இருளர் குடியிருப்பிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ ஒரு பெண் உயிர்த்தொழில்நுட்பம் படித்து, மேலே சொன்ன தேர்வையும் தாண்டி வந்து நின்றால், இந்த ஆண்டு உங்கள் எண் வரவில்லை என்று அவரிடம் சொல்வது சமூகநீதியா? அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்றால் இருபதில் 0.6. இசுலாமியருக்கு 3.5 விழுக்காடு, 0.7. இந்தப் பின்னங்களை முழு எண்ணாக்குவது எப்படி என்பதற்குச் சேர்க்கைக் கையேடுகளில் பெரும்பாலும் விடை இருக்காது. அது ஏதோ ஓர் அலுவலக அறையில், ஒரு காகிதத்தில், யாரோ ஒருவரின் பேனாவால் முடிவாகிறது.

மாநிலத்தின் மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 விழுக்காடுதானே, அதற்கேற்ப 1 விழுக்காடு சரிதானே என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்த எண் சரி. அதே கணக்கெடுப்பில் பட்டியலினத்தவர் 20 விழுக்காடு, அவர்களுக்குக் கிடைப்பது 18. அந்த வாதத்தை அங்கே யாரும் எடுப்பதில்லை. தவிர, விழுக்காடு சரியாக இருப்பது மட்டும் போதாது. அதை எந்த மொத்தத்தின் மீது எண்ணுகிறோம் என்பதில்தான் ஒரு சமூகம் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இருக்கிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகத்தை ஓர் அலகாக எண்ணாமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எண்ண வேண்டும் என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது நினைவிருக்கும். அந்த 13 புள்ளிச் சுழற்சியில் முதல் பழங்குடி இடம் 14ஆவதாகத்தான் வரும். பதினான்கு பணியிடம் இல்லாத துறையில் பழங்குடி ஆசிரியர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாடெங்கும் போராட்டம் நடந்தது, 2019 மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு அது சட்டமானது. பல்கலைக்கழகம் முழுவதும் ஓர் அலகு என்பது உறுதியானது. ஆசிரியர் பணிக்கு நாம் தெருவில் இறங்கி வென்ற அதே தருக்கத்தைச் சிறிய முதுநிலைப் படிப்புகளின் மாணவர் சேர்க்கைக்கு இன்னும் கேட்கவே இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் எத்தனையோ உள்ளன. ஒவ்வொன்றிலும் பதினைந்து, இருபது, இருபத்தைந்து இடம். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே அலகாக எண்ணினால், ஒவ்வோர் ஆண்டும் பழங்குடி மாணவர்களுக்கும் அருந்ததியர் மாணவர்களுக்கும் முழு இடங்கள், எண்ணிக் காட்டக்கூடிய இடங்கள் கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத சீர்திருத்தம் இது.

சென்னை மாகாணத்தின் பழைய வகுப்புவாரி ஆணை இதில் எவ்வளவு நேர்மையாக இருந்தது பாருங்கள். அது விழுக்காட்டில் பேசவில்லை. ஒவ்வொரு 14 இடத்துக்கும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அன்று அரிசனர் என்று குறிக்கப்பட்ட பட்டியலினத்தவருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 1, இசுலாமியருக்கு 1 என்று தலையை எண்ணிச் சொன்னது. அந்த ஆணையில் பழங்குடியினருக்கு ஒன்றும் இல்லை என்ற குறை உண்டு. ஆனால் தனக்கு எத்தனை இடம் என்று ஒருவர் கேட்டால் முழு எண்ணில் பதில் சொன்னது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், வழக்குப் போட்ட அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை என்பதும், அதன் பிறகே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததும் இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களின் நிலை என்ன? 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியலினத்தவர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. சட்டப்படி இருக்க வேண்டியது 15, 7.5. அதற்கடுத்த படியில், இளம் விஞ்ஞானிகள் சொந்தமாக ஆய்வு தொடங்க ஒன்றிய அரசு தரும் இன்ஸ்பயர் ஆசிரியர் உதவித்தொகையில் 2016 முதல் 2020 வரை 80 விழுக்காட்டைப் பெற்றவர்கள் முன்னேறிய சாதியினர் என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. பட்டியலினத்தவர் 6 விழுக்காடு, பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டினால் உச்சியில் யார் மிஞ்சுவார்கள் என்பதற்கு இது போதும். உச்சியில் இருப்பவர்கள்தான் அடுத்த ஆண்டின் தகுதி விதிகளை எழுதும் குழுவில் உட்காருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு நடுவே ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ரோகித் வெமுலாவை நாம் அம்பேத்கர் மாணவர் சங்கத்தின் தோழராக, எழுத்தாளராக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது விலங்கு உயிர்த்தொழில்நுட்ப முதுநிலை மாணவராக. குண்டூரில் பட்டம் முடித்து, ஒற்றைத் தாயின் தையல் வருமானத்தில் வளர்ந்து வந்தவர், இந்தக் கட்டுரை பேசும் அதே வாசலைத் தாண்டியவர். பிறகு அறிவியலும் சமூகமும் என்ற ஆய்வுக்கு மாறினார். 2016 சனவரி 17 அன்று அவரை நாம் இழந்தபோது ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வரவேண்டியிருந்தது. தேர்வில் தேறுவதோ இடம் கிடைப்பதோ முடிவல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையைத் தவிர வேறு சான்று தேவையில்லை. மாதாமாதம் தேதி தவறாமல் வரும் உதவித்தொகை என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சலுகை அல்ல. அது விடுதிச் சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம், ஆய்வு வழிகாட்டியின் முன் தலைநிமிர்ந்து நிற்கும் தெம்பு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஏழு மாதம் தாமதம் என்பது எரிச்சல். மற்றவருக்கு அது படிப்பைவிட்டு வெளியேறும் கதவு.

ஆகவேதான் அந்த 12,000 ரூபாயைச் சாதாரணமாகப் பேசிவிட முடியாது என்கிறோம். உதவித்தொகை வேண்டும், அதோடு மாநிலத்தின் 69 விழுக்காடும் வேண்டும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடு என்று மாணவரை நீதிமன்றப் படிக்கட்டில் நிறுத்தியதுதான் 2021இல் நடந்த அநீதி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் படிப்புக்கு மாநிலச் சட்டமே பொருந்தும் என்று ஒன்றியத் துறை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தத் தொகையை மாநில அரசு ஏற்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும், சிறிய முதுநிலைப் படிப்புகளை ஒரே அலகாக எண்ணும் அரசாணையை அதோடு சேர்த்தே வெளியிட வேண்டும். இல்லையென்றால் 69ஐக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் கொண்டாடும் அதே நாளில் 0.2க்காக நின்றவர் வெளியே போயிருப்பார். காட்-பி வினாத்தாளைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தருவதும், பள்ளியில் கணிதம் படிக்காதவர் முதல் பகுதியில் உயிரியல் கேள்விகளைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்க வழி செய்வதும் ஒன்றிய அரசுக்குப் பெரிய வேலை அல்ல. நீட் தேர்வை தமிழில் நடத்துகிறவர்கள்தானே அவர்கள்! நீட்டை நாம் ஏற்கவில்லை என்பது வேறு. மொழிபெயர்க்க ஆளில்லை என்ற சாக்கு செல்லாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இவற்றைக் கேட்பதற்கு முதலில் கையில் விவரம் வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த முதுநிலை உயிரியல் படிப்பில் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு பழங்குடி மாணவர்கூடச் சேரவில்லை என்ற பட்டியல் நம்மிடம் இல்லை. அதை உருவாக்கும் வேலையை வாசகர்களிடம் ஒப்படைக்கிறோம். நீங்கள் படிக்கும், அல்லது படித்த பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் உள்ளிட்ட ஒவ்வொரு முதுநிலைப் படிப்பிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் மொத்த இடம் எத்தனை, பிரிவு வாரியாக நிரம்பியது எத்தனை, இடச்சுழற்சி முந்தைய ஆண்டிலிருந்து தொடர்கிறதா அல்லது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குகிறதா, பின்னமாக வரும் இடத்தை எந்த ஆணையின்படி முழுமையாக்குகிறார்கள், நிரம்பாத இடங்கள் எந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டன என்று கேளுங்கள். அந்த ஆணையின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள், அதில்தான் விசயம் இருக்கும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதில்களை எங்களுக்கு அனுப்பினால் பல்கலைக்கழக வாரியாகத் தொகுத்து இதே பகுதியில் வெளியிடுகிறோம்.